எழுத்தில் எழும் தீ

மலையிற் புகை தோன்றக் கண்டு அங்கு நெருப்புண்டெனத் துணிதல் அனுமானம் என்பர் அளவை நூலார். கணினித் திரையொன்றிலோ நெருப்பே காட்சியளித்தும் ஆங்கு நெருப்பின்மை காண்கிறோம். அதனினும் வியப்பு யாதெனில், அத்தீ ஓவியமுமன்று, ஒளிப்படமுமன்று. எழுத்துக்களும் நிறுத்தற் குறிகளுமே சுவாலையாய் எழுந்தாடுகின்றன. அழகு கருதி மட்டும் இயற்றப்பெற்ற இச்செய்நிரல் இயங்கும் முறையும், அதனால் நாம் அறியத்தக்கதும் ஈண்டு ஆராயப்படும்.

கணினியோடு எழுத்து வாயிலாக உரையாடுதற்கமைந்த கருவி முனையம் எனப்படும். 1978ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டிஜிற்றல் எக்குவிப்மென்ற் நிறுவனம் வெளியிட்ட வீரீ-100 என்னும் முனையம், வரிக்கு 80 எழுத்தாக 24 வரிகளைக் காட்டியது. இன்று தனிக் கருவி அருகி, கணினித் திரையில் ஒரு சாளரமாக முனையம் நிலைபெற்றுள்ளது. எனினும் 80க்கு 24 என்னும் அளவு வழக்கொழியவில்லை. ஆஸ்கி என்னும் குறிமுறையின் 128 குறிகளுள் அச்சில் வருவன, இடைவெளி உட்பட, 95 ஆகும். அவையே இத்தீக்கு மூலப்பொருள்.

இவ்வெழுத்துக்களாற் படங்காட்டுதற்கு, செக் நாட்டு யான் ஹுபிச்கா முதலியோர் 1990களின் பிற்பகுதியில் ஏஏலிப் என்னும் செய்நிரற்றொகுதியை ஆக்கினர். ஏஏபயர் என்னுந் தீக்காட்சி அதனுடன் வழங்கப்பட்டது. பின்னர், பிரான்சு நாட்டுச் சாம் ஓசெவார் இயற்றிய லிப்காக்கா என்னும் தொகுதியில் அது வண்ணமும் பெற்றது.

அது நிகழும் முறை எளிது. திரை நுண்ணிய கட்டங்களாகப் பகுக்கப்படும். ஒவ்வொரு கட்டத்துக்கும் வெப்பத்தைக் குறிக்கும் ஓர் எண் உண்டு. அடிவரிசையில் எழுமாற்றாகப் பெரிய எண்கள் இடப்படும், இதுவே விறகு. மேலுள்ள ஒவ்வொரு கட்டமும் தனக்குக் கீழுள்ள அயற் கட்டங்களின் சராசரியைப் பெற்று, அதிற் சிறிது குறைத்துக்கொள்ளும். கீழே ஐந்து கட்டங்களில் 90, 80, 100, 70, 60 என்னும் எண்கள் உளவெனக் கொள்வோம். கூட்டுத்தொகை 400, சராசரி 80, மூன்றைக் குறைப்பின் 77 எஞ்சும். அதுவே மேற்கட்டத்தின் வெப்பம். இக்கணக்கு ஒரு செக்கனிற் பலமுறை திரை முழுவதும் நிகழும்.

சராசரி காண்பதால் அயலெண்களின் வேறுபாடு மழுங்கிச் சுவாலை இழைவுறுகிறது; குறைப்பதால் மேலே செல்லச் செல்ல அவிந்து நுனி கூர்கிறது; எழுமாற்றெண்களால் ஒரு கணத்து உருவம் மறுகணத்தில் மாறுகிறது. குறைப்பு மிகின் தீ அடியிலேயே அடங்கும். குறைப்பே இல்லையெனின் நுனியின்றித் திரை முழுவதும் நிரம்பும். ஆதலின், திரை உயருந்தோறும் குறைப்பைச் சிறிதாக்குதல் வேண்டும்.

இனி, எண் எழுத்தாவது எங்ஙனம்? புள்ளி திரையிற் சிற்றிடமே கொள்வது. ஆகவே மங்கிய ஒளி தரும். எம் என்னும் ஆங்கிலப் பேரெழுத்து மிக்க இடங்கொள்வதால் மிக்க ஒளி தரும். ஏஏலிப் ஓரெழுத்தின் இடத்தை நான்கு கட்டங்களாகக் கொண்டு, அந்நான்கின் ஒளிக்கும் இணங்கும் எழுத்தைத் தெரிகிறது. அதனால், 1,920 எழுத்துக்களுக்கு இடமுள்ள திரை 7,680 கட்டங்களின் நுட்பம் பெறுகிறது.

ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. எந்த எழுத்தும் தன் இடத்தை விட்டு மேலே செல்வதில்லை. எண்களே கீழிருந்து மேலாகக் கைமாறுகின்றன. கண் அதனை எழுச்சியாகக் கொள்கிறது. மெய்த்தீயிலோ, எரிபொருளினின்று எழும் ஆவி ஒட்சிசனுடன் சேர்கிறது. சூடேறிய வாயு அடர்த்தி குறைந்து மேலெழுகிறது. நுண்ணிய கரித்துகள்கள் ஒளிர்ந்து மஞ்சள் நிறந் தருகின்றன. இவற்றுள் ஒன்றையும் இச்செய்நிரல் அறியாது. ஒரு விறகு எவ்வளவு வெப்பந் தரும், காற்றை அடைப்பின் தீ எப்போது அவியும் என வினவின், அது விடை கூறாது.

இஃது அதன் குறையன்று. காட்சியே அதன் பயன். தோற்ற ஒப்புமையைக் காரண ஒப்புமையென மயங்குதலே குறை. வெள்ளம், சூறாவளி, நோய்ப்பரவல் ஆகியவற்றையும் இன்று கணினித் திரையிற் காட்டுகின்றனர். அத்திரைகளின் முன் நிற்கும் மாணவன், அப்பொருள் போலத் தோன்றுகிறதா என்பதோடமையாது, அது நிகழும் நியதிப்படியே இதுவும் நிகழ்கிறதா, அளந்து சரிபார்க்கப்பட்டதா என்றும் வினவுதல் வேண்டும். ஐந்தெண்களின் சராசரியைக் கொண்டே ஒரு தீயை எழுப்பிக் காட்ட இயலுமெனின், அவ்வினா எத்துணை இன்றியமையாதது என்பது தெளிவாம்.