கிராபிக்ஸ் அட்டை தெரிதல்

கணினியில் விளையாடுவோர் தம் இயந்திரம் மந்தமடைந்தது கண்டவுடன் முதலில் நாடுவது புதிய கிராபிக்ஸ் அட்டையையே. திரையிலே தோன்றும் ஒவ்வொரு படத்தையும் கணித்து வரைந்து கொடுப்பது அவ்வட்டையாதலின், அவர்தம் எண்ணம் பெரும்பாலும் பிழையன்று. ஆயினும், விளையாட்டுக் கணினியின் உறுப்புகளுள் மிக்க விலையுடையது பெரும்பாலும் அதுவே. பிழையாகத் தெரிந்தவன் இழப்பது சிறு தொகையன்று.

பழைய அட்டைதான் உண்மையில் தடையாக நிற்கின்றதா என்பதே முதலில் அறியவேண்டியது. இதற்குக் காசு செலவில்லாத சோதனையொன்று உண்டு. விளையாட்டிலே படங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கப்பட்டிருப்பின் அதனை நீக்கிவிட்டு, காட்சியளவை 1920 × 1080 புள்ளிகளிலிருந்து 1280 × 720 ஆகக் குறைத்துப் பார்த்தல் வேண்டும். அட்டை வரையவேண்டிய புள்ளிகள் பாதிக்கும் குறைந்துவிடும். அப்பொழுது நொடிக்குத் தோன்றும் படங்கள் நன்கு பெருகினால் குறை அட்டையினிடத்தது. பெருகாவிடின் பின்தங்குவது பெரும்பாலும் மத்திய செயலியே. எத்துணைச் சிறந்த அட்டையைப் பொருத்தினும் அக்குறை தீராது.

அடுத்தது திரை. நொடிக்கு 60 முறை மட்டும் காட்சி மாற்றும் திரைக்கு முன்னிருப்பவன், 150 படங்கள் வரையும் அட்டையை வாங்கிப் பெரும்பயன் காணான். 3840 × 2160 புள்ளித் திரை உடையவன் நிலை வேறு. அவனுடைய அட்டை நான்கு மடங்கு புள்ளிகளை வரைதல் வேண்டும்.

பெயரும் நினைவக அளவும் வாங்குவோரை மயக்குவது போல வேறெதுவும் மயக்குவதில்லை. 2016 ஆம் ஆண்டில் என்விடியா நிறுவனம் ஜிடிஎக்ஸ் 1060 என்னும் ஒரே பெயரில் 3 ஜிகாபைற்று, 6 ஜிகாபைற்று என இரு அட்டைகளை விற்றது. வேறுபாடு நினைவகத்தில் மட்டுமே என எண்ணியோர் பலர். உண்மையில் முன்னதன் கணிப்பு அலகுகள் 1152. பின்னதன் அலகுகள் 1280. இரண்டும் ஒரு பெயரால் வழங்கியது முறையெனக் கூறுதல் அரிது.

ஏஎம்டி நிறுவனம் 2022 இல் வெளியிட்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இன்னும் நுட்பமான பாடம். குறைந்த விலையினதாதலின், பழைய கணினி உடையோரே அதனை விரும்புதல் இயல்பு. அட்டைக்கும் தாய்ப்பலகைக்கும் இடையே தரவு செல்லும் வழித்தடங்கள் அதில் நான்கே உள. நான்காம் தலைமுறை இணைப்புடைய பலகையில் அவை ஓரளவு போதுமாயின. மூன்றாம் தலைமுறைப் பலகையிலோ அவற்றின் வேகம் பாதியாகும். அட்டையின் 4 ஜிகாபைற்று நினைவகம் நிரம்பியதும் மிகுந்த தரவு கணினியின் நினைவகத்திலிருந்து அந்த ஒடுங்கிய வழியாலேயே வரவேண்டியிருந்தமையால், சில விளையாட்டுகள் தடுமாறின. எவர்க்கு ஏற்றதெனத் தோன்றியதோ, அவர்க்கே அது மிகக் குறைவாய்ப் பயன்பட்டது.

மின்வலுவையும் மறத்தலாகாது. அட்டை செருகப்படும் இடம் தரவல்லது 75 வாற்று. அதற்கு மேல் வேண்டுவதை, மின்வலு வழங்கும் பெட்டியிலிருந்து தனி வடங்கள் தருதல் வேண்டும்; ஆறு ஊசி வடம் 75 வாற்றும் எட்டு ஊசி வடம் 150 வாற்றும் தருமென்பது நியமம். ஆர்டிஎக்ஸ் 4060 அட்டைக்கு 115 வாற்று அமையும். 4090 அட்டையோ 450 வாற்று வேண்டும். பின்னதன் புதுவகை இணைப்பிகள் சில 2022 இல் உருகிப்போயின. முழுமையாக உட்செலுத்தப்படாமை அதற்கொரு காரணமெனக் கண்டனர். ஆதலின் பழைய பெட்டியின் வலுவளவையும் அதிலுள்ள வடங்களையும் பார்த்த பின்னரே விலை பேசுதல் தகும். கணினிக் கூட்டினுள் எவ்வளவு நீள அட்டை அடங்கும் என்பதையும் அளவுகோல் கொண்டு அப்பொழுதே அளந்துகொள்ளலாம்.