சாமியாடிக்கு ஏன் சாவி இல்லை?

ராசிங்காபுரத்துப் பங்குனிப் பொங்கல் என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது அம்மாச்சியின் கால்கள். வருசம் முழுக்க ஏலத்தோட்டத்து ஈரத்தில் நின்று வெடித்த கால்கள். கணுக்காலைச் சுற்றி அட்டை கடித்த தழும்பு. உருமி வேகம் பிடித்ததும் அந்தக் கால்கள் தரையில் பாவாது. வேப்பங்குழையைக் கையில் கொடுத்து, மஞ்சத்தண்ணி ஊற்றி, நாலு பேர் பிடித்தாலும் அடங்க மாட்டாள். ஊர்ப் பெரியவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஆத்தா, இந்த வருசம் மழை உண்டா? மலையில காய் பிடிக்குமா?" என்று கேட்பார்கள். பூசாரியே குனிந்து நின்று அவள் கையால் திருநீறு வாங்குவார்.

மறுநாள் காலையில் அதே அம்மாச்சி படிக்குக் கீழே நிற்பாள். பூசாரி மேலே நின்று, கை படாமல் திருநீற்றைப் போடுவார். முந்தானையில் ஏந்திக்கொள்வாள். எனக்கு அப்போது எட்டு வயது. "நேத்து நீதான அவருக்குக் குடுத்த?" என்று கேட்டேன். "அது ஆத்தா குடுத்ததுடி. நான் குடுக்க முடியுமா?" என்றாள்.

இதே விசயத்தைக் கோர்ட்டு வரைக்கும் கொண்டுபோன ஒரு பெண் எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தேனி, ஆண்டிபட்டி தாண்டி, கணவாய் இறங்கினால் உசிலம்பட்டி. அதை ஒட்டிய நல்லுத்தேவன்பட்டியில் துர்க்கை அம்மன் கோயில் இருக்கிறது. அங்கே பின்னத்தேவர் பூசாரியாக இருந்தார். அவர் உடம்புக்கு முடியாமல் படுத்ததும் மகள் பின்னியக்காள் விளக்கேற்றி, பூசை செய்து வந்தார். ஆண் வாரிசு கிடையாது. 2006இல் பின்னத்தேவர் இறந்தார். அதுவரை பேசாமல் கும்பிட்டுப் போனவர்களில் ஒரு பகுதியினர், பொம்பளை பூசை செய்யக் கூடாது என்று கிளம்பினார்கள். தாசில்தார் அமைதிக் கூட்டம் போட்டும் முடிவு அந்தம்மாவுக்கு எதிராகத்தான் போனது. அவர் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார்.

2008 செப்டம்பரில் நீதிபதி கே.சந்துரு தீர்ப்புச் சொன்னார். பெண் பூசை செய்யக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. உள்ளே இருப்பதே பெண் தெய்வம், அதற்குப் பெண் பூசை செய்வதை எதிர்ப்பது வேடிக்கை என்பது அதன் சாரம். பெண்களின் கண்ணியத்தைக் குறைக்கும் பழக்கங்களைக் கைவிடச் சொல்லும் அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவையும் அவர் எடுத்துக் காட்டினார்.

இதில் எனக்குப் பிடித்தது, அந்தம்மா புரட்சி பண்ணக் கிளம்பவில்லை என்பதுதான். அப்பன் செய்த வேலை, வாரிசு நான், அவ்வளவுதான் வழக்கு. மகனாக இருந்திருந்தால் கூட்டமே போட்டிருக்க மாட்டார்கள்.

பெரிய கோயில்களில் ஆகமம் என்று தனி வழக்கு ஓடுகிறது. ஆனாலும் அங்கேயும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் சென்னையை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலுக்கு சுஹாஞ்சனா ஓதுவாராக நியமிக்கப்பட்டார். ஓதுவார் தேவாரம் பாடுபவர். கருவறைப் பூசை அவர் வேலையில்லை. 2023இல் ரம்யா, கிருஷ்ணவேணி, ரஞ்சிதா மூவரும் ஸ்ரீரங்கத்து அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியில் படிப்பை முடித்தார்கள். போடியில் சர்ச்சுக்குப் போகிற என் தோழியிடம் இதைச் சொன்னபோது, "எங்க சபையில பொம்பளை பிஷப்பே வந்தாச்சு" என்று சிரித்தாள். உண்மைதான். தென்னிந்தியத் திருச்சபை 2013இல் ஆந்திராவின் நந்தியால் திருமண்டலத்துக்கு புஷ்பலலிதாவைப் பேராயராக்கியது. அந்தத் திருச்சபை உருவானது 1947இல். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, தீட்டு? அதைத்தான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். எங்கள் தெருப் பெண்கள் செவ்வாடை உடுத்தி வேன் பிடித்து மேல்மருவத்தூர் போகிறார்கள். அங்கே கருவறையில் பெண்களே பூசை செய்கிறார்கள். மாதவிலக்கு நாள் என்று யாரையும் விலக்குவதில்லை. ஊர் திரும்பியதும் வழிபாட்டு மன்றத்தில் அவர்களே கலசம் வைத்து, அவர்களே தீபாராதனை காட்டுகிறார்கள். அவர்கள் வீட்டு ஆண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஊர்க்கோயில் வாசலுக்கு வந்தால் மட்டும் தீட்டு எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

என்னைக் கேட்டால், தீட்டு வெறும் மேல்பூச்சு. உள்ளே இருப்பது சாவி. பூசாரி என்றால் தட்டுக் காசு, தேங்காய் மூடி, முதல் மரியாதை, ஊர்க்கூட்டத்தில் ஒரு வாய். சாமி வருசத்துக்கு ஒருநாள் இறங்கும், ஏறிவிடும். அதனால் யாருக்கும் நட்டமில்லை. சாவி முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும் இடுப்பில் இருக்கும். சாமியாடிக்குக் காலில் விழுகிற ஊர் சாவியைத் தர யோசிப்பது இதனால்தான்.

எங்கள் தெருக்கோயில் பூசாரிக்கு இப்போது வயசாகிவிட்டது. இரண்டும் பெண் பிள்ளைகள். மூத்தவள் காலை ஜீப்பில் மலைக்குப் போகும் முன் கோயிலைப் பெருக்கி, கோலம் போட்டு, அவர் கேட்கிற சாமானையெல்லாம் எடுத்து வைத்துவிட்டுத்தான் போகிறாள். அடுத்து யார் என்ற பேச்சு டீக்கடையில் அடிபடுகிறது. ஒன்றுவிட்ட தம்பி மகன் ஒருவன் பேரைச் சொல்கிறார்கள். அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான்.

உங்கள் ஊரிலும் இப்படிப் பேச்சு வரும். வந்தால், உசிலம்பட்டிப் பக்கத்து 2008 தீர்ப்பை நகல் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள். பெண்களும் போங்கள்.