கொள்ளைப் பொருளும் கணக்கு நோட்டும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைத் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு என் தப்பு ஒண்ணைச் சொல்லித்தான் ஆரம்பிக்கணும்.

எனக்குச் சொந்த ஊர் பள்ளிப்பட்டு. ஆந்திர எல்லையை ஒட்டின ஊர். மேல நல்ல மழை பெஞ்சு அம்மப்பள்ளி அணையைத் திறந்துட்டா, கொசஸ்தலை ஆத்துல வெள்ளம் வந்து தரைப்பாலம் முங்கிடும். அப்படி ஒரு மழை வருஷம், கும்மிடிப்பூண்டி சிப்காட்ல என்கூட வேலை பாத்தவங்களும் சென்னை நண்பர்களும் சேர்ந்து பணம், அரிசி, போர்வைன்னு அனுப்பினாங்க. பணம் வந்தது என் ஜிபே-க்கு. எல்லாருக்கும் கொடுத்து முடிச்சப்போ 12 போர்வையும் 7,200 ரூபாயும் மீதி.

இடுப்பளவு தண்ணில மூட்டை தூக்கின பசங்க கேட்டாங்க: "அண்ணே, நனைஞ்சது நாங்கதானே? ஆளுக்கு ஒரு போர்வை எடுத்துக்கறோம். சென்னைல உக்காந்து பேக் பண்ணவங்களுக்கு என்ன போச்சு?" சரி, எடுத்துக்கோங்கன்னுட்டேன். 7,200 ரூபாய் என் அக்கவுண்ட்லயே கிடந்தது. ஒருநாள் பெட்ரோல், ஒருநாள் ரீசார்ஜ். எட்டு மாசம் யாரும் கேக்கல. நானும் சொல்லல.

அதுக்கப்புறம் ஒருநாள் ஒரு பழைய கதையை வாசிச்சேன். அதுல இருந்து இந்த விஷயத்தை என்னால தள்ளி வைக்க முடியல.

ஆத்தங்கரையில நின்ன 200 பேர்

எபிரெய வேதம்னா யூதர்களோட வேதம். கிறிஸ்தவங்க பழைய ஏற்பாடுன்னு சொல்வாங்க. அதுல சாமுவேல் முதல் புத்தகம், 30ஆம் அதிகாரம். தாவீது அப்போ இன்னும் ராஜா ஆகல. அவரும் அவரோட ஆளுங்க 600 பேரும் வெளிய போயிருந்தப்போ, அமலேக்கியர்கள் அவங்க ஊரான சிக்லாகைக் கொளுத்திட்டு, பெண்டு பிள்ளைங்களைப் பிடிச்சுட்டுப் போயிடறாங்க. இவங்க துரத்திக்கிட்டு ஓடறாங்க. பேசோர் ஆத்துக்கு வந்ததும் 200 பேரால அதுக்கு மேல நடக்க முடியல. மூட்டை முடிச்சோட அங்கேயே நின்னுடறாங்க. மீதி 400 பேர் போய், ஜெயிச்சு, இழந்தது எல்லாத்தையும் மீட்டு, எதிரியோட பொருளையும் எடுத்துட்டு வர்றாங்க.

திரும்பி வந்ததும் அந்த 400 பேர்ல சிலர் ஆரம்பிக்கறாங்க: கூட வராதவங்களுக்கு எதுக்குப் பங்கு? பெண்டாட்டி பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகட்டும், பொருள்ல ஒண்ணும் கிடையாது. எங்க பசங்க பேசினதும் இதேதானே!

தாவீது ஒத்துக்கல. இது நாம சம்பாதிச்சது இல்ல, கடவுள் கொடுத்ததுங்கறார். சண்டைக்குப் போனவனுக்கும் மூட்டையைக் காத்தவனுக்கும் சம பங்கு. அன்னைல இருந்து அது இஸ்ரவேல்ல சட்டமாவே ஆயிடுச்சுன்னு அந்த அதிகாரம் சொல்லுது.

கவனிங்க, தாவீது அங்க வெறுமனே தாராளமா நடந்துக்கல. 'என் பொருள்'ங்கறதை 'என்கிட்ட இருக்கிற பொருள்'னு மாத்திட்டார். ஜெயிச்சவன் முதலாளி இல்ல, காவல்காரன்.

தஞ்சாவூர்ல எடை போட்ட முத்து

இது நம்ம பக்கம் நடக்காத விஷயம் இல்ல. எங்க ஊர்ல இருந்து கொஞ்ச தூரத்துல, அரக்கோணம் பக்கம் தக்கோலம் இருக்கு. 949இல் அங்கதான் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் சோழர்களைத் தோற்கடிச்சான். சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே செத்தான். பத்து வருஷம் கழிச்சு, 959இல், கிருஷ்ணன் மேல்பாடியில முகாம் போட்டிருந்தான். தெற்குல பிடிச்ச நாடுகளைத் தன் ஆளுங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கத்தான் அங்க தங்கியிருந்தான்னு அவனோட கர்ஹாட் செப்பேடு சொல்லுது. தொண்டை மண்டலமான எங்க மண்ணே அன்னைக்குக் கொள்ளைப் பொருள்தான்.

அன்னைக்குத் தோத்த சோழர்கள், 61 வருஷத்துல ஜெயிக்கிற பக்கம் வந்துட்டாங்க. 1010இல் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்குக் கலசம் கொடுத்தான். சேரனையும் பாண்டியர்களையும் வென்று எடுத்த பொருள்ல இருந்து கொடுத்ததுன்னு, அவன் தந்த பாத்திரங்களையும் நகைகளையும் பத்தி அங்க இருக்கிற கல்வெட்டுகள் மறைக்காம சொல்லுது.

எனக்குப் பெரிசாப் பட்டது அந்தக் கணக்கு எழுதின விதம்தான். பொன்னை எடை போட 'ஆடவல்லான்'னு பேர் வச்ச எடைக்கல். ரத்தினங்களுக்குத் 'தட்சிணமேரு விடங்கன்'னு தனிக் கல். முத்துன்னு ஒரே வார்த்தையில முடிக்கல. வட்டம், அனுவட்டம், குறுமுத்து, கறடுன்னு தரம் பிரிச்சு எண்ணியிருக்காங்க. கோத்த சரடு எடையில சேருமா சேராதா, அரக்கு சேருமா சேராதா, அதுவும் கல்லுல இருக்கு. கோயில் பணத்தை எந்த ஊர்ச் சபைக்கு வட்டிக்குக் கொடுத்தாங்க, பண்டாரம் காக்கவும் கணக்கு எழுதவும் எந்த ஊர் ஆள் அனுப்பணும், அதுவும் இருக்கு. காசுக்கு வருஷம் அரைக்கால் காசு வட்டி, அதாவது 12.5 சதவீதம்.

அந்த நகைகள் இன்னைக்கு இல்ல. கணக்கு மட்டும் சுவர்ல நிக்குது.

கணக்கு சரின்னா நியாயமா?

இந்த இடத்துல நானே என்னைத் தடுத்து நிறுத்திக்கணும். அந்தப் பாண்டிய நாட்டு முத்தை அதுக்கு முன்னாடி யார் போட்டிருந்தா? கல்வெட்டுல கொடுத்தவன் பேர் இருக்கு. பறிகொடுத்த வீடு எதுன்னு இல்ல.

எபிரெய வேதத்துலயும் இதே நெருடல் உண்டு. எண்ணாகமம் 31இல் மிதியானியர்கிட்ட எடுத்ததுக்குக் கச்சிதமான கணக்கு: ஆடு 6,75,000, மாடு 72,000, கழுதை 61,000. போனவங்களுக்குப் பாதி, ஊர்ல இருந்தவங்களுக்குப் பாதி. அதே பட்டியல்ல, ஆடு மாட்டுக்கு அடுத்த வரியில, 32,000 பெண்கள். குடும்பத்தைக் கொன்னுட்டுப் பிடிச்சு வந்த பெண்கள். எண்ணிக்கை துல்லியமா இருக்கு. அதனால அது நியாயம் ஆயிடுமா? என்னால அப்படிச் சொல்ல முடியல. கணக்கு எழுதறது நேர்மையோட முதல் படி. அதுவே முடிவு இல்ல.

அதனாலதான் எஸ்றா புத்தகம் எனக்குப் பிடிக்கும். அங்க கொள்ளை போன பொருள் திரும்பி வருது. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேம் கோயில்ல எடுத்துட்டுப் போன பாத்திரங்களை, பாரசீக ராஜா கோரேஸ் எண்ணிக் கொடுக்கச் சொல்றான். பொக்கிஷக்காரன் மித்திரேதாத் எண்ணி ஒப்படைக்கிறான். மொத்தம் 5,400.

அதே புத்தகத்துல, பல வருஷம் கழிச்சு எஸ்றாவே கோயிலுக்குக் காணிக்கையா வந்த வெள்ளியும் பொன்னும் எடுத்துட்டு எருசலேமுக்குக் கிளம்பறார். அகாவா ஆத்தங்கரையில, தேர்ந்தெடுத்த ஆசாரியர்கள் 12 பேர்கிட்ட எல்லாத்தையும் நிறுத்துக் கொடுக்கிறார். எருசலேம் போய்ச் சேர்ந்த நாலாம் நாள் மறுபடியும் தராசு. எண்ணிக்கை, எடை ரெண்டும் சரிபார்த்து எழுதி வைக்கிறாங்க.

"என்னப்பா, ஆசாரியர்கள் மேலயே நம்பிக்கை இல்லையா?"ன்னு தோணும். எனக்கு வேற மாதிரி படுது. கும்மிடிப்பூண்டியில ஸ்டோர்ஸ்ல வேலை பாத்தவன் நான். வாங்கும்போதும் கொடுக்கும்போதும் எண்ணிக் கையெழுத்து போட்டாத்தான், நாளைக்கு ஏதாவது குறைஞ்சா நம்ம தலை தப்பும். தராசு அந்த 12 பேரைச் சந்தேகப்படல. காப்பாத்துச்சு.

என்னைக் காப்பாத்த அப்படி ஒரு தராசு இல்ல. நான் வைக்கவும் இல்ல.

மீதி

போன மாசம் அந்தப் பழைய வாட்ஸ்அப் குரூப்பைத் தேடி எடுத்துக் கணக்கு போட்டேன். வந்தது, கொடுத்தது, மீதி. கடைசி ரெண்டு வரி எழுதத்தான் ரொம்ப நேரம் ஆச்சு: "போர்வை 12, யாரையும் கேக்காம நான் கொடுத்துட்டேன். 2,150 ரூபாய், நான் செலவு பண்ணிட்டேன். இன்னைக்குத் திருப்பிப் போட்டாச்சு."

ரெண்டு பேர் கட்டை விரல் தூக்கினாங்க. சென்னைல பேக் பண்ண ஒரு அக்கா மட்டும் எழுதினாங்க: "போர்வை பரவால்லப்பா. பணம் மீதி இருக்குன்னு அப்பவே சொல்லியிருந்தா, அந்த ஆத்தோரத்து வீட்டுக்கு அடுப்பு வாங்கியிருக்கலாமே."

உண்மைதான். எட்டு மாசம் யாரோ ஒருத்தர் அடுப்பு இல்லாம இருந்திருக்காங்க. அது என் கணக்குல எந்த வரியிலயும் இல்ல.

உங்க கையிலயும் ஏதாவது ஒரு பொதுப் பணம் இருக்கும். டூர் மீதி, பிறந்தநாள் வசூல், கிரிக்கெட் டீம் காசு. யாரும் கேக்கறதுக்கு முன்னாடி அந்த குரூப்ல கணக்கைப் போட்டுடுங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.