உங்களுக்குத் தெரியுமா? காஞ்சிப் பட்டு: பணம் எங்கே, பாடு எங்கே?

● காஞ்சிப் பட்டுக்கான நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது; ஜரிகையில் பெரும்பகுதி சூரத்திலிருந்து. ஊரின் சொந்தச் சரக்கு நெசவாளரின் கைத்திறன் ஒன்றுதான். காந்தி சாலைப் பட்டுக் கடைகளின் செழிப்பெல்லாம் அதிலிருந்து பிறந்தது.

● பெரிய காஞ்சிபுரத்து உலகளந்த பெருமாள் கோயிலின் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பு, 10-ஆம் நூற்றாண்டில் நெசவாளர்களிடம் இருந்தது. உத்தம சோழன் காலத்துச் செப்பேடு இதைச் சொல்கிறது.

● இன்று தறி சொந்தமாக இருந்தாலும், பாவும் (நீள இழை) ஊடும் (குறுக்கிழை) ஜரிகையும் பெரும்பாலும் முதலாளியுடையவை. நெய்பவருக்குச் சேலைக் கணக்கில் கூலி மட்டுமே. நூல் விலை எகிறினால் பாவு வராது; தறி சும்மா கிடக்கும். மழைக்காலத்தில் தறிக்குழியில் தண்ணீர் ஊறினால் அந்த நாட்களுக்கும் கூலி இல்லை.

● உடலையும் கரையையும் தனித்தனியே நெய்து பிணைக்கும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா (ஊடு நூலை ஓட்டும் கருவி), இரண்டு ஆள். குழியில் கால் வைத்து நெசவாளர் மிதிக்க, பக்கத்தில் அமர்ந்தவர் ஒரு கரையின் நாடாவைத் தள்ளுவார். ஒவ்வொரு இழையிலும் உடலும் கரையும் பிணைய வேண்டும். நாடாவுக்கான நூலைத் தாரில் சுற்றுவது வீட்டுப் பெண்களும் முதியவர்களும். இத்தனை பேர் உழைப்புக்கும் வருவது ஒரே கூலி.

● கரை நாடாவைத் தள்ளும் அந்தத் துணை ஆள் பல வீடுகளில் குழந்தையாக இருந்ததுண்டு. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகத் தறியில் கட்டுண்ட பிள்ளைகளைப் பற்றி, காஞ்சிபுரத்தையும் சேர்த்து, ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல் அறிக்கை வெளியிட்டது.

● கைத்தறித் துணி தேங்கி நெசவாளர்கள் பட்டினியில் வாடிய 1953-இல், காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்த அண்ணா, திருச்சி வீதிகளில் கைத்தறித் துணி விற்றார்.

● மகளுக்குப் பட்டுச்சேலை நெய்ய இழை இழையாகத் திருடும் நெசவாளியின் கதையே ‘காஞ்சிவரம்’. 2007-க்கான சிறந்த படமாகத் தேசிய விருது பெற்றது.

● 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, இந்திய நெசவுக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. நாட்டின் சொத்தில் சுமார் 40 சதவீதம் மேல்தட்டு ஒரு சதவீதத்தினர் கையில் என்கிறது உலக சமத்துவமின்மை ஆய்வகத்தின் 2024 ஆய்வு.

● கூட்டுறவு சங்கங்களில் நெசவாளர்களே உறுப்பினர்கள். லாபத்திலிருந்து போனஸும் உண்டு. முகூர்த்தப் பட்டை அங்கே வாங்குவோம். எந்தக் கடையானாலும், விலைச்சீட்டில் நெசவுக் கூலியையும் அச்சிடச் சொல்லிக் கேட்போம்.