பழைய வீடும் பணம் தரும்!

பாட்டனார் கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறதா? விற்க அவசரப்படாதீர்கள்! அளவோடு பழுது பார்த்தால் வாடகை வரும்.

முதல் செலவு வர்ணத்துக்கு அல்ல, கூரைக்கு! மழை ஒழுகும் வீட்டில் எந்த வர்ணமும் நிற்காது. உடைந்த ஓடுகளை மாற்றவேண்டும். மச்சு வீடானால் தளத்து வெடிப்பை அடைக்கவேண்டும்.

அடுத்தது மின்சாரக் கம்பி, குழாய், கழிப்பறை. இவை சரியில்லாத வீட்டுக்கு யார் குடிவருவார்கள்?

கடைசியில் வெள்ளையடிப்பு. சுண்ணாம்பு மலிவு. மொட்டை மாடியிலும் பூசினால் வீட்டுக்குள் சூடு குறையும்.

பழைய தேக்குக் கதவை எறியாதீர்கள். இழைத்து எண்ணெய் பூசினால் புதுக் கதவு தோற்றுவிடும்!

60,000 ரூபாய் செலவிட்டு, மாதம் 2,000 ரூபாய் வாடகை வந்தால், 30 மாதத்தில் முதல் திரும்பும். கடன் வாங்கிப் பளிங்கு பதித்தாலோ, வாடகை வட்டிக்கே போய்விடும்!