டீசல் போகும் வழியே போய்ப் பாருங்கள்

விடிகாலை ஐந்து மணி. புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் நாட்டாமிமார் பருப்பு மூட்டைகளை ஏற்றி முடித்துவிட்டார்கள். வவுனியாவுக்குப் போகவேண்டிய பழைய டொல்பின் வான் வெளிக்கிட மறுக்கிறது. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. அரை நிமிடம் இழுத்த பிறகு பிடித்து, இருமி, அணைகிறது. சுற்றி நின்றவர்களில் ஒருவர் "பம்ப் முடிஞ்சுது" என்கிறார். இன்னொருவர் நொசில் என்கிறார். பஞ்சிகாவத்தை பக்கத்தில்தான், ஜப்பானில் கழற்றிய பம்ப் அங்கே கிடைக்கும். அப்படி வாங்கிப் பூட்டிய பிறகும் அதே இருமலோடு ஓடிய வான்களைப் பார்த்திருக்கிறேன். பம்பில் கைவைக்குமுன், டீசல் போகும் வழியை ஒருமுறை தொடர்ந்து பார்த்திருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும்.

நம்மவர்கள் டொல்பின் என்று அழைப்பது 1989இல் வந்த டொயோட்டா ஹையேஸ் தலைமுறையை. அதன் 2எல், 3எல் டீசல் எஞ்சின்களில், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நொசிலுக்கு எப்போது, எவ்வளவு டீசல் போகவேண்டும் என்று தீர்மானிக்கும் கம்ப்யூட்டர் கிடையாது. பின்னால் வந்த கே.டி.எச். வானில் ஸ்கேனரைப் பூட்டினால் அது கோளாறின் இலக்கத்தைச் சொல்லும். டொல்பினில் கண்ணும் காதும் கையும்தான் ஸ்கேனர்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் இல்லை. உள்ளே இழுத்த காற்றை இருபது மடங்குக்கு மேல் நெருக்கினால் அது கடுமையாகச் சூடாகும். அதில் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்ளும். ருடோல்ஃப் டீசல் 1897இல் ஓட்டிக்காட்டிய எஞ்சினில் எரிபொருளை உள்ளே தள்ளியது அழுத்திய காற்று. அதற்கு வேண்டிய கம்பிரசரின் பாரத்தோடு அதை வண்டியில் ஏற்றுவது கடினம். 1927இல் போஷ் நிறுவனம் சிறிய இன்ஜெக்‌ஷன் பம்பைத் தொகையாகச் செய்யத் தொடங்கிய பிறகே டீசல் வண்டிகள் தெருவில் பெருகின. டொல்பினில் இருப்பது அந்தப் பரம்பரையில் பிந்திய பிள்ளை: ஒரே தண்டு சுழன்றுகொண்டே முன்பின் அசைந்து, நான்கு சிலிண்டருக்கும் முறைவைத்து டீசலைப் பங்கிடும்.

இந்தப் பம்புக்கு முன்னால் ஒரு உலகம், பின்னால் வேறொரு உலகம். பின்னால், நொசில் வரை போகும் இரும்புக் குழாய்களில் வளிமண்டலத்தைப்போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தம். அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே சிந்தும், கண்ணுக்குத் தெரியும். முன்னால், தாங்கியிலிருந்து பில்டர் வழியாகப் பம்ப் வரை, டீசல் உறிஞ்சப்படுகிறது. அங்கே ஓட்டை விழுந்தால் வான் நிற்கும் இடத்தில் ஒரு துளி ஈரமும் இராது. காற்று உள்ளே போகும். இரவு முழுக்க வான் நிற்கும்போது, அந்தக் காற்றுக்கு இடம்விட்டு டீசல் தாங்கிக்கே இறங்கிவிடும். காலையில் முரண்டு பிடித்து, ஓடத் தொடங்கியபின் நாள் முழுக்க ஒழுங்காக ஓடும் வானில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

சோதனையைப் புகைக்குழாயில் தொடங்குங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குப் போகிறது, எரியவில்லை. சிலிண்டரை முன்கூட்டிச் சூடாக்கும் குளோ பிளக்கைப் பாருங்கள். புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை. சாவியைத் திருப்பும்போது பம்பின்மேல் உள்ள சொலனோயிட் 'டிக்' என்று சத்தமிட வேண்டும். அது திறக்காவிட்டால் டீசலுக்கு வழியில்லை. அடுத்து, பில்டரின் தலையில் உள்ள கைப்பம்பை அழுத்துங்கள். அழுத்த அழுத்த இறுகினால் வழி நிறைந்திருக்கிறது. எவ்வளவு அழுத்தியும் இறுகாமல் தொளதொளத்தால் எங்கோ காற்று நுழைகிறது. பம்புக்கு முன் ஒரு துண்டு ஊடுதெரியும் குழாயைப் பூட்டினால் குமிழிகள் ஓடுவதையே பார்க்கலாம்.

இன்னும் சந்தேகமா? சுத்தமான டீசல் நிறைந்த கானைப் பம்பைவிட உயரத்தில் வைத்து, அதிலிருந்து நேரே பம்புக்குக் குழாய் கொடுங்கள். எஞ்சின் ஒழுங்காக ஓடினால் பம்ப் குற்றவாளியல்ல. கோளாறு தாங்கிக்கும் பம்புக்கும் இடையில். தாங்கி மூடியையும் மறக்காதீர்கள். அதன் காற்றுத்துளை அடைபட்டால், ஓட ஓடத் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி வான் இளைக்கும். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டால் அது தெரிந்துவிடும்.

பம்ப் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் நோய் வேறு நேரத்தில் வரும். காலையில் உடனே பிடிக்கும் வான், ஓடிச் சூடாகி நின்றபின் பிடிக்காது. சூட்டில் டீசல் நீர்த்து, தேய்ந்த தண்டின் ஓரத்தால் கசிந்துவிடுகிறது. பம்பின்மேல் ஈரத்துணி போட்டு ஆறவிட்டதும் பிடித்தால், பஞ்சிகாவத்தைக்குப் போகலாம்.

பம்பைத் தின்பது எது? அதற்குத் தனி எண்ணெய் கிடையாது. போகும் டீசல்தான் மசகு. மண்ணெண்ணெய் கலந்தால் அந்த மசகு மெலியும். 2022 ஆகஸ்ட் வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயாக இருந்தது, பிறகு 340 ஆனது. அந்த உயர்வுக்கு முன், டீசல் மண்ணெண்ணெயைவிடப் பல மடங்கு விலையாக இருந்த மாதங்களில் கலக்கத் தூண்டுதல் சிறியதல்ல. அதே ஆண்டு எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். முறை வந்தபோது வானுக்கு வாரம் 20 லீற்றர்தான் கிடைத்தது. பாதி வெறுமையாகக் கிடக்கும் தாங்கியில் ஈரக்காற்று நீராகப் படியும். நீர் பம்பைத் துருவேற்றும். பில்டரின் அடித்திருகைத் திறந்து கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் பிடித்து வையுங்கள். நீர் இருந்தால் டீசலுக்குக் கீழே தனியாகத் தங்கி நிற்கும்.

நொசிலைச் சந்தேகித்தால், எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு குழாயின் நட்டையும் முறைவைத்துச் சற்றுத் தளர்த்திப் பார்ப்பார்கள். எதைத் தளர்த்தும்போது ஓட்டத்தின் சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. இதைப் பழகிய மெக்கானிக் பாஸிடம் விடுங்கள். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் காயத்துக்கு உடனே ஆஸ்பத்திரி வேண்டும்.

நான்காம் குறுக்குத் தெரு வானுக்கு அவ்வளவும் தேவைப்படவில்லை. வந்த பாஸ் கைப்பம்பை அழுத்தினார், இறுகவில்லை. பில்டருக்கு வரும் றப்பர் குழாயை விரலால் வளைத்துப் பார்த்தார். கிளிப் கடித்த இடத்தில் மயிரிழை வெடிப்பு, ஈரமே இல்லை. "அண்ணை, காத்துப் பிடிச்சிட்டுது," என்றார். வெடித்த நுனியை வெட்டி, புதுக் கிளிப் பூட்டி, கைப்பம்ப் கல்லுப்போல் இறுகும்வரை அழுத்தினார். பஞ்சிகாவத்தையில் கடைகள் திறக்குமுன்பே, பருப்பு மூட்டைகளோடு வான் வவுனியாவுக்கு வெளிக்கிட்டுவிட்டது.