சிஸ்டம்டியில் குறியீட்டு இணைப்புகள்

சிஸ்டம்டி என்பது பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களில் கருனியால் முதற்செயலாகத் தொடக்கப்பட்டு, பிற சேவைகளைத் தொடக்குதல், நிறுத்துதல், கண்காணித்தல் ஆகியவற்றைச் செய்யும் சேவை மேலாளர் ஆகும். ஒரு சேவை கணினியுடன் தானாகவே தொடங்க வேண்டும் என நிருவாகி குறிப்பிடுவது, அச்சேவையை இயலுமைப்படுத்தல் எனப்படும். இவ்விவரம் எந்தத் தரவுத்தளத்திலும் எழுதப்படுவதில்லை. உரிய அடைவில் ஒரு குறியீட்டு இணைப்பு இருந்தால் சேவை இயலுமைப்படுத்தப்பட்டது, இல்லையெனில் இல்லை.

குறியீட்டு இணைப்பு என்பது வேறொரு கோப்பின் பாதையை மட்டும் தன்னுள் கொண்ட சிறு கோப்பு ஆகும். இது 1983இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி யுனிக்ஸில் இடம்பெற்றது.

வரலாறு

சிஸ்டம்டிக்கு முந்தைய சிஸ்டம் ஐந்து முறையிலும் இணைப்புகளே பயன்பட்டன. சேவையின் நிரல் /எட்சி/இனிட்.டி அடைவில் இருக்கும். ஆர்சி3.டி போன்ற அடைவுகளில் எஸ்20 அல்லது கே20 எனத் தொடங்கும் பெயருடைய இணைப்புகள் அதைச் சுட்டும். எஸ் தொடக்கத்தையும், கே நிறுத்தத்தையும், எண் வரிசையையும் குறித்தன.

லெனார்ட் பொட்டரிங், கே சீவர்ஸ் ஆகியோர் 2010இல் சிஸ்டம்டியை அறிமுகப்படுத்தினர். 2011இல் ஃபெடோரா 15உம், 2015இல் டெபியன் 8, உபுண்டு 15.04 ஆகியனவும் இதனை இயல்பிருப்பாக ஏற்றன. சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது என்பதால், அதன் பிற்காலப் பதிப்புகளைப் பயன்படுத்துவோருக்கும் இம்முறை பொருந்தும்.

செயற்படும் முறை

பொதிகளுடன் வரும் சேவைக் கோப்புகள் /யூஎஸ்ஆர்/லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம் அடைவில் இருக்கும். நிருவாகிக்கு உரியது /எட்சி/சிஸ்டம்டி/சிஸ்டம் அடைவு. ஒரே பெயரில் இரண்டிலும் கோப்பு இருந்தால் /எட்சியில் உள்ளதே செல்லும்.

'சிஸ்டம்சிடிஎல் எனேபிள்' கட்டளை சேவைக் கோப்பின் 'இன்ஸ்டால்' பகுதியைப் படிக்கிறது. சேவை இயங்கும்போது சிஸ்டம்டி இப்பகுதியைப் பொருட்படுத்துவதில்லை. எனேபிள், டிசேபிள் போன்ற கட்டளைகளுக்கு மட்டுமே இது பயன்படும். அங்கே 'வான்டட்பை' என்பதற்கு எதிரே மல்ட்டி-யூசர்.டார்கெட் என்று இருந்தால், /எட்சியில் உள்ள மல்ட்டி-யூசர்.டார்கெட்.வான்ட்ஸ் என்னும் அடைவில் அச்சேவையின் பெயரில் ஓர் இணைப்பு உருவாகும். 'ரெக்கொயர்ட்பை' என்றிருந்தால் .ரெக்கொயர்ஸ் அடைவில் உருவாகும். பின்னர் சிஸ்டம்டி தன் அமைப்புகளை மீண்டும் படித்துக்கொள்கிறது. இணைப்பைக் கையால் உருவாக்குவோர் 'டீமன்-ரீலோட்' கட்டளையைத் தாமே கொடுக்க வேண்டும்.

இன்ஸ்டால் பகுதியே இல்லாத சேவை 'ஸ்டாட்டிக்' எனக் காட்டப்படும். எங்கே இணைப்பது என்ற குறிப்பு அதில் இல்லாததால் அதை இயலுமைப்படுத்த இயலாது. இது பிழையன்று.

மாற்றுப்பெயர்கள்

'ஏலியாஸ்' என்ற வரி, சேவைக்கு இன்னொரு பெயரில் இணைப்பை உருவாக்கும். டெபியனில் எஸ்எஸ்எச் சேவையின் உண்மைப் பெயர் எஸ்எஸ்எச்.சர்வீஸ், எஸ்எஸ்எச்டி.சர்வீஸ் என்பது மாற்றுப்பெயர். சேவையை முடக்கினால் மாற்றுப்பெயர் இணைப்பும் நீங்கிவிடும். அதன்பின் மாற்றுப்பெயரைக் கொண்டு இயலுமைப்படுத்த முயல்பவருக்கு அப்படியொரு சேவையே இல்லை என்ற விடை கிடைக்கும். ஃபெடோராவில் பழகியவர்கள் இங்கே தடுமாறுவது இயல்பு. அங்கே எஸ்எஸ்எச்டி என்பதே உண்மைப் பெயர்.

ஜிடிஎம், லைட்டிடிஎம் இரண்டும் டிஸ்ப்ளே-மேனேஜர்.சர்வீஸ் என்ற ஒரே மாற்றுப்பெயரைக் கோருபவை. ஒரு பெயரில் ஓர் இணைப்பே இருக்க முடியும் என்பதால், இரண்டாவதை இயலுமைப்படுத்தும்போது கட்டளை மறுத்துவிடும். 'ஃபோர்ஸ்' தெரிவைக் கொடுத்தால் பழைய இணைப்பு மாற்றப்படும்.

முடக்கலும் மறைத்தலும்

இயலுமைப்படுத்தல் சேவையைத் தொடக்குவதில்லை. முடக்கல் அதை நிறுத்துவதுமில்லை. மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தின் அட்டவணையில் தேனி வண்டியின் வரியை அழித்தால், ஏற்கெனவே தேனிச் சாலையில் சென்றுகொண்டிருக்கும் வண்டி நின்றுவிடாது. பாதுகாப்புக்காக ஒரு வழங்கியை முடக்கிவிட்டு, அது நின்றுவிட்டது என்று நம்பியிருப்பது ஆபத்தானது. அடுத்த மறுதொடக்கம் வரை அதன் துறை திறந்தே இருக்கும். இரண்டையும் ஒருங்கே செய்ய 'நவ்' என்ற தெரிவு உண்டு.

'டிசேபிள்' கட்டளை, 'எனேபிள்' உருவாக்கிய இணைப்புகளை மட்டும் நீக்குவதில்லை. /எட்சியின் கீழ் அச்சேவைக் கோப்பைச் சுட்டும் எல்லா இணைப்புகளையும், நிருவாகி கையால் இட்டவற்றையும் சேர்த்தே நீக்குகிறது. சேவைக் கோப்பை /ஆப்ட் போன்ற வேறிடத்தில் வைத்து, முழுப்பாதை கொடுத்து இயலுமைப்படுத்தியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முடக்கியபின் கோப்பு அதே இடத்தில் இருக்கும். ஆனால் சிஸ்டம்டிக்கு அதன் பெயர் தெரியாது. மீண்டும் முழுப்பாதையைக் கொடுக்க வேண்டும்.

முடக்கப்பட்ட சேவையை வேறொரு சேவையோ சாக்கெட்டோ சார்பின் வழியாகத் தொடக்கக்கூடும். அதையும் தடுப்பது 'மாஸ்க்' கட்டளை. இது சேவையின் பெயரில் /டெவ்/நல் என்னும் வெற்றுக் கோப்பைச் சுட்டும் இணைப்பை /எட்சியில் இடுகிறது. /எட்சிக்கு முன்னுரிமை உள்ளதால் உண்மைக் கோப்பு மறைந்துபோகிறது. சேவைக் கோப்பே /எட்சியில் இருந்தால் அப்பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருப்பதால் மறைக்க இயலாது. கோப்பை முதலில் வேறிடத்திற்கு நகர்த்த வேண்டும்.